பதினோரு கைநாட்டும் ஒரு புத்தகமும்

போன மாதம் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். என் சிநேகிதி ஒருத்தி அங்கே டீச்சர். "புதுசா ஸ்மார்ட் கிளாஸ் வந்திருக்கு, வந்து பாரேன். நீதான் ஒரு காலத்துல இதுக்கெல்லாம் பிளான் போட்டவளாச்சே" என்று போனில் கூப்பிட்டாள். அவள் கேலி செய்கிறாளா மரியாதை செய்கிறாளா என்பது எனக்கு எப்போதுமே பிடிபடாது. போனேன். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே காலை வைத்ததும், அப்போதுதான் பிரித்த தெர்மோகோலும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவர் முழுக்க ஒரு திரை. சிநேகிதி விரலால் தொட்டு பூமியைச் சுற்றிக் காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மனசு அங்கே இல்லை.

மற்றவர்களுக்கு அந்த வாசனை என்றால் புது ஃப்ரிட்ஜ், புது டிவி, வீட்டில் ஒரு நல்ல நாள். எனக்கு அது தாராவியில் ஒரு கீழ்த்தள அறை. அந்த அறையை நான்தான் காலி செய்தேன். நான்தான் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வதுதான். அப்போது என்னை யாரும் அவ்வளவு பெரிய ஆளாக நினைக்கவில்லை. ஆனாலும் அறையைக் காலி செய்யச் சொன்ன காகிதத்தின் அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் வீடு. பி.எஸ்ஸி. முடித்து, ஒரு கம்ப்யூட்டர் கிளாஸில் ஆறு மாதம் உட்கார்ந்து எழுந்திருந்தேன். அந்தத் தகுதிக்கு செம்பூரில் ஓர் அறக்கட்டளையில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடங்களுக்கும் பொது வாசகசாலைகளுக்கும் கம்ப்யூட்டர் கொடுப்பது அவர்கள் நோக்கம். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து வருஷத் திட்டம் ஒன்று தயாராக வேண்டும். எத்தனை அறை, எத்தனை பிளக் பாயின்ட், ஜன்னலுக்குக் கம்பி உண்டா, மழைக்கு ஒழுகுமா, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், சாவி யாரிடம் இருக்கும். இதையெல்லாம் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருவதுதான் என் வேலை. கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, செம்பூர். பையில் ஓர் இன்ச் டேப், ஒரு டெஸ்டர். டெஸ்டரை வைத்துக்கொண்டு லேடீஸ் கம்பார்ட்மென்டில் நிற்கும்போது நான் ஓர் எஞ்சினியர் என்றே எனக்கு நினைப்பு.

எங்கள் அதிகாரியை நாங்கள் பிளான் சார் என்போம். மராத்திக்காரர். நல்ல மனுஷர், டப்பாவில் இருப்பதைப் பங்கு போடாமல் சாப்பிட மாட்டார். திட்டம் என்று வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். "ஜோ ஹை வோ மத் லிக்கோ, ஜோ ஹோகா வோ லிக்கோ" என்பார். இருப்பதை எழுதாதே, வரப்போவதை எழுது. அதை நான் ஒரு நோட்டில் குறித்துவைத்து, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் வயதான ஒரு டீச்சரிடம், ஐந்து வருஷத்தில் உங்கள் வகுப்புக்கு என்ன தொழில்நுட்பம் வேண்டும் என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்துவிட்டு, "இந்த ஃபேன் ஓடினா போறும்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டு போனேன். பிளான் சார் வெட்டிவிட்டார். ஃபேன் தொழில்நுட்பத்தில் சேராதாம்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் எனக்குத் தாராவி ஒதுக்கப்பட்டது. ஆபீசில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாத இடம். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அங்கே போனதில்லை. "தாராவியா? அங்க உனக்கு என்னடி வேலை? பேசாம பேங்க் எக்ஸாம் எழுதுன்னா கேக்கறயா" என்றாள் அம்மா. அப்பா பேப்பரைக் கீழே இறக்காமலே, "போறச்சே நகை எதுவும் போட்டுண்டு போகாதே" என்றார். போட்டுக்கொண்டு போக என்னிடம் நகை எதுவும் இருந்ததாக நினைவில்லை. இருந்தாலும் காதில் கிடந்த தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் கிளம்பினேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

சந்துக்குள் சந்தாகத் திரும்பிப் போனால் ஒரு பழைய கட்டடம். மேலே தமிழ்ப் பள்ளிக்கூடம், கீழே ஒற்றை அறையில் வாசகசாலை. ஊர்க்காரர்கள் சேர்ந்து எப்போதோ ஆரம்பித்தது. நாலு அலமாரி, இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் நூலகர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. புத்தகங்களில் பாதிக்கு மேல் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகள். வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, காக்கி அட்டை போட்டு பைண்டு செய்தவை. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு சமையல் குறிப்பும் பல்பொடி விளம்பரமும் வரும். திறந்தால் பசையும் பழங்காகிதமும் சேர்ந்து மூக்கில் ஏறும். எனக்கு அன்று தும்மல் நிற்கவில்லை. 'தூசி: அதிகம்' என்று படிவத்தில் எழுதிக்கொண்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு வீட்டில் பேசுகிற பாஷை. எழுத்து அம்மா சொல்லிக் கொடுத்தது, கடைப் பலகையைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். ஒரு தமிழ்ப் புத்தகத்தையாவது அதுவரை நான் முழுசாகப் படித்து முடித்ததில்லை. அப்படிப்பட்டவளிடம்தான் தமிழ் வாசகர்களைக் கணக்கெடுக்கும் படிவத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

பிளக் பாயின்ட்களை எண்ணி முடித்து, புத்தகம் எடுத்துப் போகிறவர்களின் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் கண் நின்றுவிட்டது. ஒரு வாரம் பேச்சியம்மாள் என்று பெயர், பக்கத்தில் கைநாட்டு. அடுத்த வாரம் அதே புத்தகம், வேலம்மாள், கைநாட்டு. அதற்கடுத்த வாரமும் அதே புத்தகம், இசக்கியம்மாள். இப்படியே பக்கம் பக்கமாக நீல மையில் பெருவிரல்கள். எண்ணினேன், பதினோரு பேர். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குத் தொடர்கதை எதற்கு? வாசகசாலையில் ஆள் வருவதாகக் காட்டுவதற்காக அண்ணாச்சி செய்கிற வேலை என்று முடிவுகட்டிவிட்டேன். ஒரு திருட்டைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு.

"இவங்கள்ளாம் யாரு?" என்று கேட்டேன்.

"நம்ம தாகா கட்டிங் பொம்பளைங்க மேடம். பின்னால மூணாவது சந்து. போய்ப் பாருங்க" என்றார் அண்ணாச்சி, ஒரு கள்ளமும் இல்லாமல்.

தாகா கட்டிங் என்றால் தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டியெடுப்பது. தையல் மெஷின்களெல்லாம் மேல்தளத்தில். கீழே தாழ்வான ஓர் அறையில் பாயை விரித்து, நடுவில் சட்டைகளைக் குவித்து, சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சின்னக் கட்டர். நான் வாசலில் நின்றதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பதினோரு பேர் கையில் சட்டை இருந்தது. ஜன்னலோரம் ஒல்லியாக ஒருத்தி, அவள் கையில் மட்டும் புத்தகம். என்னைப் பார்த்ததும் விரலை நடுவில் அடையாளம் வைத்து மூடிவிட்டாள். அவள் சந்திரா. வேலை நேரத்தில் இவள் மட்டும் ஓபி அடிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படிவத்தை எடுத்தேன். "தமிழ் படிக்கத் தெரியுமா?" அதற்கு எதிரே இரண்டே கட்டம்: ஆம், இல்லை. முதலில் பேச்சியம்மாளைக் கேட்டேன். அவள்தான் அங்கே மூத்தவள், நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"இல்ல தாயி. எனக்கு எழுத்து தெரியாது."

"சுத்தமாவா?"

"சுத்தமா. பஸ்ஸு நம்பர் மட்டும் பாத்துருவேன்."

ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே போனேன். இல்லை, இல்லை, இல்லை. சந்திரா மட்டும் எட்டாவது வரைக்கும் படித்திருந்தாள். பதினோரு 'இல்லை', ஓர் 'ஆம்'. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நான் சந்து முனை திரும்பும்வரை அந்த அறையில் பேச்சே இல்லை. நான் போகட்டும் என்று காத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது.

திரும்பி வந்து அண்ணாச்சியிடம் கொஞ்சம் விறைப்பாகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "சந்திரா படிப்பா மேடம், மத்தவங்க கேட்டுக்கிட்டே வேல பாப்பாங்க. அவ பங்கு சட்டைய பதினோரு பேரும் பகுந்து வெட்டிருவாங்க. நம்ம வாசகசாலைல ஒரு கார்டுக்கு ஒரு வாரந்தான், அதுக்கு மேல அதே ஆளுக்கு அதே பொஸ்தகம் குடுக்கப்படாதுன்னு ரூல். வாயால படிச்சு முடிக்க ரெண்டு மாசம் ஆவும்லா? அதான் ஆளுக்கொரு கார்டு. வாரம் பொறந்தா பொஸ்தகம் அங்கயே இருக்கும், பேரு மட்டும் மாறும்." எவ்வளவு அழகான ஏற்பாடு. ரூலும் உடையவில்லை, கதையும் நிற்கவில்லை. எனக்கு அன்று அது அழகாகப் படவில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதுதான் என் கவலை.

ஆபீசில் பிளான் சாரிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எப்படிச் சொன்னேன்? ஒரு வேடிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னேன். அவரும் அப்படியே சிரித்துவிட்டு, "சுன்னா அலக் ஹை, பட்னா அலக் ஹை" என்றார். கேட்பது வேறு, படிப்பது வேறு. பேனாவால் பதினோரு பெயரையும் அடித்தார். அந்தப் பதினோரு பேரும் போனதும் அந்த வாசகசாலைக்கு ஆளே வருவதில்லை என்று கணக்கு வந்தது. ஆளே வராத அறை, மேலே கம்ப்யூட்டர் இல்லாத பள்ளிக்கூடம். திட்டம் தானாகவே எழுதிக்கொண்டது. கீழ் அறை கம்ப்யூட்டர் மையமாகும். மாடி வராந்தாவில் புது அலமாரி அடிக்கும்வரை புத்தகங்கள் வடாலாவில் ஒரு கோடவுனில் தற்காலிகமாக வைக்கப்படும். 'தற்காலிகமாக' என்று சேர்த்தது நான். அந்த வார்த்தையைச் சேர்த்ததால் மனசு லேசாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

புத்தகங்களை மூட்டை கட்டிய நாளில் நான் அங்கே இல்லை. கம்ப்யூட்டர்கள் வந்த நாளில் இருந்தேன். பெட்டிகளைப் பிரித்தபோது வந்த அந்த வாசனையில் பிள்ளைகள் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். அறையைக் கழுவி, தரைக்கு ரப்பர் விரிப்புப் போட்டு, வாசலில் செருப்பை விடச் சொன்னார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு டீச்சர் ஓரத்தில் கொசுவம் வைத்துத் துணி உறை தைத்துக்கொண்டு வந்திருந்தார், தலையணைக்குத் தைப்பதுபோல. பிள்ளைகள் தங்கள் பெயரை இங்கிலீஷில் தட்டிவிட்டு, திரையில் வந்த பெயரை நெற்றி முட்டுகிற தூரத்தில் போய்ப் பார்த்தார்கள். அது பொய்யான சந்தோஷம் இல்லை. எனக்குக் கம்ப்யூட்டர் மேல் எந்தக் கோபமும் கிடையாது, இதைக்கூட அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அறையில் இரண்டுக்கும் இடம் இருந்தது. அலமாரிகளைச் சுவரோரம் நெருக்கிப் போட்டிருந்தால் போதும். அளந்தவள் நான், எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் வாசலில் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். சேலையில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் மட்டும் கழற்றியிருந்தாள்.

"ரெண்டாம் பாகம் வேணும் தாயி" என்றாள்.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. அண்ணாச்சிதான் விளக்கினார். அவர்கள் படித்துக்கொண்டிருந்த தொடர்கதை இரண்டு பாகம். முதல் பாகம் முடிகிற இடத்தில் கோமதி என்ற பெண் புகுந்த வீட்டை விட்டு வெளியேறி, ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலடியில் நிற்கிறாள். எந்த ரயிலில் ஏறினாள் என்பது இரண்டாம் பாகத்தில். முதல் பாகத்தை முடித்துத் திருப்பிக் கொடுக்க வந்த அன்றைக்குத்தான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாகம் கயிற்றுக்குள் போய்விட்டது.

"ஒரு வாரம் குடுங்கக்கா, நானே எடுத்துண்டு வந்து தரேன்" என்றேன்.

"அவ ரயிலடியிலயே நிக்காள்லா" என்றாள் பேச்சியம்மாள். அதில் குறை சொல்லும் தொனி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் என்றது மூன்று வாரமாயிற்று. வேறு பள்ளிக்கூடங்கள், வேறு படிவங்கள், நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் வடாலாவில் ரயில் மாறாமல் இறங்கி, முழங்கால் தண்ணீரில் அந்தக் கோடவுனைத் தேடிப் போனேன். அங்கே பெயின்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. கோடவுன் கைமாறியிருந்தது. வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரிடம் புத்தக மூட்டைகளைப் பற்றிக் கேட்டேன். "வோ? வோ சப் ரத்தி மே கயா" என்றார். எல்லாம் பழைய பேப்பர்க்காரனுக்குப் போய்விட்டது. அந்த ரத்தி அங்கிருந்து எங்கே போகும் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "தாராவி. அவுர் கஹா?" என்றார். காகிதக் கூழ் போடுகிற பட்டறைகள் வேறெங்கே இருக்கின்றன? புத்தகங்கள் அந்தப் பெண்களின் பக்கத்துச் சந்துக்கே திரும்பி வந்து கூழாகியிருந்தன.

சொல்லிவிடலாம் என்று மறுநாள் மத்தியானம் கிளம்பிப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மழை விட்டிருந்தது. மூன்றாவது சந்து திரும்பியதும் ஒரு குரல் கேட்டது. சந்திராவின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவசரமில்லாத குரல், ஒவ்வொரு வார்த்தையையும் கையில் எடுத்துக் கொடுப்பதுபோல.

"கோமதி தாதரில் இறங்கினாள். கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்."

"பெட்டிய விட்டுராதட்டி" என்றது உள்ளே ஒரு குரல். கட்டர்கள் கிச் கிச்சென்று வெட்டிக்கொண்டே இருந்தன.

முதலில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அண்ணாச்சி எப்படியோ இரண்டாம் பாகத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் ஜன்னல் என் தோளுயரத்தில்தான் இருந்தது. சந்திராவின் முதுகும் மடியில் விரித்திருந்த புத்தகமும் தெரிந்தன. காக்கி அட்டை போட்டிருந்தது. உள்ளே கட்டம் கட்டமாக இங்கிலீஷ். அறையின் நீளம், அகலம், வோல்டேஜ், பிளக் பாயின்ட். நான் எழுதிய திட்டம். சந்திரா ஒரு பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் ஐந்து வருஷங்களுக்கான அட்டவணை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, தாதர் பூ மார்க்கெட்டில் ஒரு கிழவி கோமதிக்குத் தண்ணீர் கொடுத்ததைப் 'படித்தாள்'.

நான் உள்ளே போகவில்லை. அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நின்றேனோ பத்து நிமிஷம் நின்றேனோ தெரியாது. சந்தில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றாமல் அழுதேன். அப்புறம் அண்ணாச்சியிடம் போனேன். அவருக்கு இப்போது மேஜை மாடிப்படிக்கு அடியில். "உங்க பிளான் காப்பி நாலு கெடந்துச்சி மேடம். சந்திரா வந்து, தடியா எதாவது குடுங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்னா. நாந்தான் அட்ட போட்டுக் குடுத்தேன்" என்றார். தப்புச் செய்துவிட்டவர்போல என் முகத்தையே பார்த்தார்.

அந்த வேலையில் இன்னும் ஒரு வருஷம் இருந்தேன். மாடி வராந்தாவில் அலமாரி வரவேயில்லை. கம்ப்யூட்டருக்குப் பயிற்சி எடுத்த டீச்சர் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனார். அறைக்குப் பூட்டு வந்தது, தூசி படியாமல் இருக்கட்டும் என்றார்கள். பிறகு மேலே தமிழ் வகுப்புகளே ஒவ்வொன்றாகக் குறைந்தன. நான் பேங்க் எக்ஸாம் எழுதினேன். அம்மாவுக்குச் சந்தோஷம். பேங்குக்குப் போய் வருகிற ரயிலில் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டேன். வேறெதற்காகவும் இல்லை, அந்த இரண்டாம் பாகத்தை எங்கேயாவது பார்த்தால் படிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக. பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. நின்றபடியே முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் படித்தேன். கோமதி எந்த ரயிலிலும் ஏறவில்லை. அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்ப் புகுந்த வீட்டிலேயே விடுகிறான், புருஷனிடம் அவள் மன்னிப்புக் கேட்கிறாள், எல்லோரும் பாயசம் சாப்பிடுகிறார்கள். புத்தகத்தை வாங்கவில்லை, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பேச்சியம்மாளை மறுபடி பார்த்தது மாட்டுங்காவில். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பூக்கடையில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் கண்டுகொண்டாள். "யம்மா, நீ கம்ப்யூட்டர் பிள்ளதான?" தாகா கட்டிங் வேலையை முதலாளி பிவண்டிக்கு மாற்றிவிட்டாராம். பன்னிரண்டு பேரும் திக்குக்கொருவராகப் போய்விட்டார்களாம். சந்திரா மகனோடு சூரத்தில். அண்ணாச்சி காலமாகிவிட்டார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். கோடவுனுக்குப் போனது, ஜன்னலில் நின்றது, எல்லாம்.

"எங்களுக்கு மொத நாளே தெரியும்" என்றாள் பேச்சியம்மாள், பூவிலிருந்து கையை எடுக்காமல்.

"எப்படிக்கா?"

"பத்திரிகக்காரன் வாரம் முடியயில ஒரு கொக்கிய போட்டுத்தான் நிறுத்துவான். சந்திரா மூச்சு வாங்குன எடத்துல நிறுத்துதா. பக்கத்த வேற ரெண்டு ரெண்டா திருப்புதா. எங்களுக்குப் படிக்கத்தான் தெரியாது, கேக்கவுமா தெரியாது?"

"அவகிட்ட சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? கத நல்லாத்தான இருந்துச்சி."

"எப்படி முடிச்சா?"

பேச்சியம்மாள் அடுத்த பூவை எடுத்து வைத்து முடிச்சுப் போட்டாள். "முடிக்கல. முடிச்சிட்டா அடுத்த பொஸ்தகத்துக்கு எங்க போக? அது தெரிஞ்சிதான் ரெண்டு வருசமா இழுத்துக்கிட்டே போனா. கோமதி எங்கெங்கயோ வேல பாத்தா, எத்தன வீடு மாறுனா. பட்டற மூடுன அன்னைக்கு நாங்க எல்லாரும் கேட்டோம், இன்னைக்காவது அந்தப் பிள்ளய ஒரு கரையில சேத்துருட்டின்னு. சந்திரா வாயத் தொறந்தா. அழுக வந்துட்டு. அவ்வளவுதான், எந்திரிச்சுப் போய்ட்டோம்."

"அன்னிக்கு இல்லைன்னு டிக் போட்டது நான்தான்க்கா" என்றேன்.

"நாங்க சொன்னத்தான போட்ட. நீ என்ன பொய்யா எழுதுன?" ஒரு முழம் அளந்து அறுத்தாள். "ஆனா இன்னொன்னும் கேட்டிருக்கலாம்லா."

"என்ன கேட்டிருக்கணும்?"

"என்ன கத ஓடுதுன்னு கேட்டிருக்கலாம். பதினோரு பேரும் சொல்லிருப்போம்."

அதற்கப்புறம் இரண்டு மூன்று தடவை அந்தப் பூக்கடைக்குப் போனேன். கோமதி என்னென்ன வேலை பார்த்தாள், யார் வீட்டில் இருந்தாள் என்று பேச்சியம்மாளிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் வாங்கிவைத்திருந்தேன். போகிற நேரமெல்லாம் கடையில் கூட்டம், அப்புறம் வருகிறேன் என்று வந்துவிடுவேன். ஒரு தடவை போனபோது வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள் நாலசோபாராவில் மகளிடம் போயிருப்பதாகச் சொன்னாள். அடுத்த தடவை போனபோது, இறந்துவிட்டதாகச் சொன்னாள். சந்திராவின் நம்பர் யாரிடமும் இல்லை.

அந்தக் கட்டடத்தைச் சுற்றி இப்போது நீலத் தகரம் அடித்திருக்கிறார்கள். உள்ளே இடித்துக்கொண்டிருக்கிறார்கள், பெரிய கட்டடம் வரப்போகிறதாம். என் போனில் ஆயிரக்கணக்கில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. தொட்டால் அதுவே வாய்விட்டுப் படிக்கவும் செய்கிறது, எழுத்துத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கோமதியின் இரண்டாம் பாகமும் அதில் இருக்கிறது, பாயசத்தோடு முடிகிற அந்தப் பாகம். சந்திராவின் கோமதி இரண்டு வருஷம் இந்த ஊரில் பிழைத்தாள். பன்னிரண்டு பெண்களுக்கு அவள் எங்கே படுத்தாள், எதைச் சாப்பிட்டாள், யாரிடம் சண்டை போட்டாள் என்பது வரைக்கும் தெரியும். அதில் ஒரு வரியைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை. நோட்டு இன்னும் என் மேஜையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் அவள் தாதரில் இறங்கினாள் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.